உங்கள் செயலியில் இல்லாத உடல்கள்

உடற்கூறியல் செயலிகளையும் அறுவைத் திட்டமிடல் செயலிகளையும் உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒரு தசைநாண் புடைத்து எழுகிறதா? அதுதான் பால்மாரிஸ் லாங்கஸ். எழவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அது இல்லாமலே பிறந்தவர்கள் நிறையப் பேர். பாடநூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 15 சதவீதத்தை ஒட்டியது. ஒரு மக்கள் கூட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இந்த அளவு வெகுவாக மாறும். ஒரு கையில் இருந்து மறுகையில் இல்லாதவர்களும் உண்டு.

நான் உடற்கூறியல் கற்றுக்கொடுப்பவன். முதலாண்டு மாணவர்களை ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி, "சார், எனக்கு வரல. ஆனா ஆப்ல இருக்கே?" என்று கேட்டார். டேப்லெட்டில் இருந்த முப்பரிமாணக் கையைத் திருப்பிப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், மறுபடி தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் சந்தேகப்பட்டது தன் கையைத்தான். செயலி தவறாக இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அந்த நிமிடம்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரு தசைநாணுக்காக இவ்வளவு பேச்சா என்று நினைக்காதீர்கள். பால்மாரிஸ் லாங்கஸ் இல்லாவிட்டாலும் கை நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் வேறொரு தசைநாண் அறுந்துபோனால், அதற்கு மாற்றாக ஒட்ட சர்ஜன்கள் இதை எடுக்கிறார்கள். இதற்கு அருகிலேயே, சற்று ஆழத்தில், மீடியன் நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலின் நுட்பமான அசைவுகளும் உள்ளங்கையின் பெரும்பகுதி உணர்ச்சியும் அந்த நரம்பை நம்பித்தான் இருக்கின்றன. பால்மாரிஸ் இல்லாத கையில், அது இருக்கும் என்ற நம்பிக்கையில் வெட்டினால், வெண்மையாக, கயிறு போல அடுத்துக் கண்ணில் படுவது இந்த நரம்புதான். தசைநாண் என்று நினைத்து மீடியன் நரம்பையே எடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த நோயாளிகளின் கையை நினைத்துப் பாருங்கள். அங்கே கத்தி பிடித்தவருக்கு உடற்கூறியல் தெரியாமல் இல்லை. ஒரே ஓர் உடலின் உடற்கூறியல் மட்டும் மனதில் மிக உறுதியாகப் பதிந்திருந்தது.

உங்கள் செயலிகளை நான் வெறுப்பவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேல்தாடை எலும்புக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில், டெரிகோபாலடைன் ஃபாஸா என்று ஒரு சிறிய பள்ளம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் அதை யாருக்கும் காட்ட முடியாது. பிணத்தில் அதைத் திறந்து காட்டுவதற்குள் அதன் சுவர்கள் போய்விடும். கரும்பலகையில் ஒரு பெட்டியை வரைந்து, இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல் என்று சொல்லுவார்கள். நாங்கள் மனப்பாடம் செய்தோம். இன்று என் மாணவர்கள் விரலால் மண்டையோட்டைத் திருப்பி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே போய் நின்று, எந்த வாசல் மூக்குக்குப் போகிறது, எது கண்குழிக்குப் போகிறது என்று பார்த்துவிடுகிறார்கள். எனக்குப் பல மாதங்கள் பிடித்தது அவர்களுக்கு ஒரு மாலை நேரத்தில் பிடிபடுகிறது. அதற்காக உங்களுக்கு மனதார நன்றி.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் திரையில் நிற்கும் அந்த மனிதர் யார்?

1994 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஒரு முழு ஆண் உடலின் படத்தொகுப்பை வெளியிட்டது. உறைய வைத்த உடலை 1 மி.மீ. இடைவெளியில் சீவிச் சீவி எடுத்த படங்கள் அவை. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடல், 0.33 மி.மீ. இடைவெளியில் வந்தது. இன்றைய முப்பரிமாண உடற்கூறியலில் பெரும்பங்கு இந்த இருவரிடமிருந்து தொடங்கியது. அந்த ஆண், 1993 இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதி. அவருக்குக் குடல்வால் இல்லை; முன்பே அறுவையில் எடுத்திருந்தார்கள். இரண்டு விதைகளில் ஒன்று மட்டுமே இருந்தது. ஆக, உலகத்துக்கே மாதிரியாக நின்ற அந்த உடலும் 'பாடநூல் உடல்' இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை, எல்லா உடலும் அப்படித்தான். எனக்குச் சங்கடம் வேறு இடத்தில். அப்படிப்பட்ட உடல்களை எடுத்து, இல்லாததைச் சேர்த்து, கோணலை நிமிர்த்தி, எல்லாம் சரியாக இருக்கும் ஒரு மனிதரை வடித்துவிட்டு, எதைச் சேர்த்தோம், எதை நிமிர்த்தினோம் என்று பல செயலிகள் ஓரிடத்திலும் சொல்வதில்லை.

'எல்லாம் சரி' என்பது எவ்வளவு பேருக்குப் பொருந்தும்? கல்லீரலுக்குப் போகும் தமனியை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல்ஸ் என்ற உடற்கூறியலாளர் 200 உடல்களைக் கூறுபோட்டுப் பார்த்து, 1966 இல் அதன் அமைப்பைப் பத்து வகையாகப் பிரித்தார். நாம் எல்லோரும் படிக்கும் அமைப்பு 55 சதவீத உடல்களில்தான் இருந்தது. மீதிப் பேருக்கு வேறு ஏதோ ஒன்று: வலது கிளை குடலுக்குப் போகும் தமனியிலிருந்து வரும், இடது கிளை இரைப்பைத் தமனியிலிருந்து வரும், சிலருக்கு இரண்டுமே. கணையத்தில் அறுவை செய்கிறவருக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். உங்கள் செயலியில் தமனியைத் தொட்டால் பெயர் வருகிறது, உச்சரிப்பு வருகிறது, அது எதற்கு இரத்தம் தருகிறது என்று வருகிறது. 'ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இப்படி இருக்காது' என்று மட்டும் வருவதில்லை.

அடுத்தது நிறம். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள், பித்தநாளத்துக்குப் பச்சை. கற்கத் தொடங்கும்போது இது உதவி. நானும் கலர் சாக்பீஸ் பிடித்தவன்தான். ஆனால் உயிருள்ள உடலில் கண்ணில் படுவது வேறு. கொழுப்பு, அதைச் சுற்றிப் படலம், நடுவில் வெளிறிய சில குழாய்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுக்கும்போது, கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தைத் தவறுதலாக வெட்டிவிடுவது அரிதாக, ஆனால் நின்றபாடில்லாமல் நடக்கிறது. அப்படிப்பட்ட 252 காயங்களை ஒரு குழு ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டது. அவற்றில் 97 சதவீதத்துக்கு அடிப்படைக் காரணம் கைத்திறன் குறைவு இல்லை, கண்ணின் மயக்கம். பார்த்தது ஒரு குழாய், மனம் எடுத்துக்கொண்டது இன்னொரு குழாய்.

இதற்கு ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜனும் அவரது சகாக்களும் 1995 இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. கொழுப்பையும் நாரையும் முழுக்க விலக்கு. பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்துப் பார். இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டும் பித்தப்பைக்குள் போவது தெரியும்வரை எதையும் வெட்டாதே. எனக்கு இது தெரியும் என்ற நினைப்பை அந்த ஒரு நிமிடத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லும் விதி இது. உங்கள் செயலியிலோ பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள அந்த முக்கோணப் பகுதி திறந்தவுடனே துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கொழுப்பே இல்லை. பச்சைக் குழாய் ஒன்று, சிவப்புக் குழாய் ஒன்று. எதை விலக்க வேண்டுமோ அது முன்பே விலக்கப்பட்டுவிட்டது. கற்க வேண்டிய வேலையைச் செயலியே செய்து முடித்துவிட்டது.

கொழுப்பைப் போலவே படலங்களும் காணாமல் போய்விட்டன. அறுவை மேசையில் வேலை பெரும்பாலும் உறுப்புகளில் நடப்பதில்லை; உறுப்புகளுக்கு இடையிலுள்ள படலங்களின் நடுவில் நடக்கிறது. 1982 இல் பில் ஹீல்ட் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் மலக்குடல் புற்றுநோய்க்கு ஒரு முறையை எழுதினார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புப் பொதியை, அதன் உறை கிழியாமல், சரியான தளத்தில் முழுசாகப் பிரித்தெடுப்பதுதான் அது. அந்த ஒரு தளத்தைப் பிடித்ததால், புற்று அதே இடத்தில் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. அந்த உறையை உங்கள் செயலியில் தேடிப் பாருங்கள். பலவற்றில் மலக்குடல் ஒரு வழவழப்பான குழாயாக வெற்றிடத்தில் மிதக்கிறது. உறுப்புகளை 'மறை' என்று தட்டினால் மறைக்க முடிகிறது. அப்படித் தட்டிப் பழகிய விரலுக்கு, இரண்டு படலங்களைப் பிரிப்பது என்றால் என்ன என்று எப்படிப் புரியும்? இதை வரைவது கடினம் என்று எனக்குத் தெரியும். மெல்லிய, எங்கும் தொடர்ந்து ஓடும், எல்லை இல்லாத ஒன்றை முப்பரிமாணத்தில் வடிப்பது எளிதில்லை. ஆனாலும் கடினமானதை விட்டுவிட்டோம் என்று ஒரு வரி எழுதுவது எளிதுதானே.

சரி, திட்டமிடல் செயலிகளுக்கு வருகிறேன். இங்கே என் கவலை இன்னும் கூடுதல், ஏனென்றால் திரையில் இருப்பது ஏதோ ஒரு மாதிரி உடல் இல்லை, மறுநாள் காலை மேசையில் படுக்கப் போகும் ஒரு மனிதர்.

என்னிடம் படித்த ஓர் இளம் மருத்துவர் ஒருநாள் தன் போனை நீட்டினார். முகத்தில் அடிபட்ட ஒரு நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து செயலி உருவாக்கிய முப்பரிமாண மண்டையோடு. பெயரோ அடையாளமோ இல்லை, எலும்பு மட்டும். இடது கண்குழியின் தரையில் ஒரு ஓட்டை. "இவ்வளவு பெரிசா உடைஞ்சிருக்கு சார்" என்றார். "வலது கண்ணைக் காட்டு" என்றேன். திருப்பினார். அடிபடாத அந்தப் பக்கத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் ஓர் ஓட்டை.

என்ன நடந்தது என்பது உங்களில் நிரல் எழுதுபவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சி.டி. ஸ்கேன், உடலைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எலும்பு பல நூறுகளில். முப்பரிமாண எலும்பு வேண்டுமென்றால், செயலி ஏதோ ஓர் எண்ணில் கோடு கிழித்து, அதற்கு மேலிருப்பதை எல்லாம் எலும்பு என்று வைத்துக்கொள்கிறது. கண்குழியின் தரையும் உள்சுவரும் மிக மெல்லியவை. உள்சுவரின் லேமினா பாப்பிரேசியா என்ற பெயரிலேயே காகிதம் இருக்கிறது. அந்தத் தகடு ஒரு பெட்டியின் அளவைவிட மெல்லியதாக இருக்கும்போது, அதே பெட்டிக்குள் காற்றும் கொழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. சராசரி எண் கோட்டுக்குக் கீழே விழுகிறது. எலும்பு இருக்கிற இடத்தில் திரையில் ஓட்டை.

அசல் ஸ்கேன் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வலது பக்கத் தரை மெல்லிய கோடாக முழுசாக இருந்தது. இடது பக்கத்தில் விரிசல் இருந்தது உண்மை, ஆனால் அவர் போனில் பார்த்ததில் பாதிகூட இல்லை. இதற்கு நேர்மாறும் நடக்கும். படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று மேற்பரப்பை வழவழப்பாக்கினால் மயிரிழை முறிவு ஒன்று சுத்தமாக மூடிப்போகும். ஓட்டையைக் காட்டுவதும் நீங்கள், முறிவை மறைப்பதும் நீங்கள், இரண்டையும் அதே பளபளப்போடு காட்டுகிறீர்கள். எந்த எண்ணில் கோடு கிழித்தீர்கள், ஸ்கேன் துண்டின் தடிமன் என்ன, எவ்வளவு வழவழப்பாக்கினீர்கள் என்று திரையின் ஓரத்தில்கூட இல்லை. அந்தப் பையன் கவனக்குறைவானவன் இல்லை. அவனுக்குச் சந்தேகப்பட ஒரு வாய்ப்பைக்கூட அந்தத் திரை கொடுக்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். கிழித்த கோட்டைக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் நகர்த்தினால் எந்தெந்த இடங்களின் உருவம் மாறிவிடும் என்று உங்கள் செயலிக்கே கணக்கிடத் தெரியும். அந்த இடங்களை மட்டும் வேறு நிழலில், மங்கலாகக் காட்டுங்கள். அந்த இடத்தைத் தொட்டால் அசல் துண்டு பக்கத்தில் திறக்கட்டும். படம் அழகு குறையும், சரி. பார்ப்பவர் அங்கே ஒரு நொடி நிற்பார்.

அளவு விஷயத்திலும் இதே கதை. இடுப்பு மூட்டு மாற்றுக்கு எக்ஸ்ரேயின் மேல் செயற்கை மூட்டின் உருவத்தை வைத்து அளவு பார்க்கும் செயலிகள் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் இடுப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், வழக்கமாக 15 முதல் 20 சதவீதம் வரை. எவ்வளவு என்பது மனிதரின் பருமனைப் பொறுத்தது. அதனால்தான் 25 மி.மீ. உலோகக் குண்டு ஒன்றை மூட்டின் மட்டத்திலேயே வைத்துப் படம் எடுத்து, அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். குண்டு இல்லாத படத்தையும் ஏற்றுக்கொண்டு, 20 சதவீதம் என்று தானே வைத்துக்கொண்டு, ஓர் எண்ணைச் சொல்லிவிடும் செயலியைப் பார்த்திருக்கிறேன். செயற்கை மூட்டின் 50 மி.மீ. கிண்ணத்தில் 5 சதவீதப் பிழை என்றால் 2.5 மி.மீ. கிண்ணங்கள் பொதுவாக 2 மி.மீ. வித்தியாசத்தில் வருகின்றன. ஓர் அளவே மாறிவிடுகிறது. எக்ஸ்ரேயைப் போன் கேமராவில் சாய்வாகப் பிடித்த படம் என்றால் இன்னும் மோசம். குண்டு இல்லை என்றால் எண்ணைத் தராதீர்கள். அப்படித் தர மறுக்கும் செயலியை நான் அதிகமாக நம்புவேன்.

அப்புறம், ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். அறுவையில் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள், வயிற்றுக்குள் வாயு செலுத்துவார்கள். கல்லீரல் நகர்ந்துவிடும், மண்டையைத் திறந்தால் மூளையே சற்று அமிழும். நேற்றைய உருவத்தை இன்றைய உடலின் மேல் அப்படியே ஒட்டிக் காட்டும் செயலிகள் இதைத் திரையிலேயே சொல்ல வேண்டும்.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. 2011 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முதலாக ஒரு போன் செயலிக்கு ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் கண்டறிய அனுமதி கொடுத்தது. அதன் பெயர் மொபைல் எம்.ஐ.எம். அதில் ஒரு சின்னச் சோதனை இருந்தது. திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் மற்றதைவிட மிக லேசாக வேறு நிறத்தில் வரும். மருத்துவர் அதைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். தொட முடிந்தால், அறை வெளிச்சமும் திரையின் ஒளியும் நுட்பமான வித்தியாசங்களைப் பார்க்கப் போதுமானவை என்று பொருள். ஸ்கேன் பார்க்கும் பெரிய கணினி கைவசம் இல்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் அனுமதியிலேயே இருந்தது. எனக்கு இதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். இங்கே உன்னால் பார்க்க முடிகிறதா என்று மருத்துவரையே கேட்கிற செயலி! அதற்குப் பிறகு எத்தனை தலைமுறைத் திரைகள் வந்துவிட்டன. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஏன் கூடவே வளரவில்லை?

இன்னொன்றையும் மரியாதையோடு கேட்கிறேன். உங்கள் மாதிரி யாருடைய உடலிலிருந்து வந்தது, அவர் சம்மதித்தாரா என்று சொல்லுங்கள். நாஜிகள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வியன்னாவில் வரையத் தொடங்கி, நாஜிக் காலத்திலும் தொடர்ந்த, நேர்த்திக்குப் பெயர்போன ஓர் உடற்கூறியல் அட்லஸைப் பல தலைமுறை சர்ஜன்கள் பயன்படுத்தினார்கள். நாஜி ஆண்டுகளில் மரண தண்டனையில் கொல்லப்பட்ட 1,377 பேரின் உடல்களாவது அந்த உடற்கூறியல் கூடத்துக்குப் போயிருக்கின்றன என்று வியன்னா பல்கலைக்கழகத்தின் விசாரணை 1998 இல் கண்டது. படம் அழகாக இருந்ததால் பல பத்தாண்டுகள் பெரும்பாலானோர் கேட்கவில்லை. எங்கள் கூடத்தில் மேசையைச் சுற்றி நின்று, உடலைக் கொடுத்தவருக்கு ஒரு நிமிடம் தலைவணங்கிய பிறகுதான் தொடங்குகிறோம். உங்கள் செயலியின் முதல் திரையில் அவருக்கும் ஒரு வரி இருக்கலாம்.

பழைய செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. 2017 இல் ஐபோன்களின் இயங்குதளம் மாறியபோது, பழைய 32 பிட் அமைப்பில் எழுதிய செயலிகள் ஒரே நாளில் திறக்காமல் போயின. அவற்றில் என் மாணவர்கள் மூன்று ஆண்டுகள் குறிப்பெழுதி வைத்திருந்த ஒன்றும் உண்டு. குறிப்புகளை வெளியே எடுத்துக்கொள்ள ஒரு வழியாவது வையுங்கள்.

கடைசியாக, கையில் இருப்பதைத் தருகிறேன். எங்கள் கூடத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. உடலைக் கூறுபோடும்போது பாடநூலுக்கு மாறாக எதைப் பார்த்தாலும் மாணவர்கள் அதில் வரைந்து, தேதியும் மேசை எண்ணும் போடுவார்கள். கொடையாளர் பெயர் எதுவும் இருக்காது. பல ஆண்டுகளாக எழுதியதில் நிறையச் சேர்ந்துபோயிருக்கிறது. உங்கள் குழுவில் யாராவது வந்தால், என் துறையின் அனுமதியோடு, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டத் தயார். தமனியைத் தொட்டால் 'வேறு அமைப்புகள்' என்று ஒரு பொத்தான் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு இந்த நோட்டு ஒரு தொடக்கமாக இருக்கட்டும்.

கடைசியாக அதில் பதிந்தது போன வாரம். வலது இடுப்பில், காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி பிட்டத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்துக்கொண்டும் மறுபாதி அதற்குக் கீழேயும் வந்தது. இடது பக்கம், உங்கள் செயலியில் இருப்பது போலவே இருந்தது. வரைந்தது அந்த மாணவிதான். ஓரத்தில், 'வலது, இடது இரண்டையும் திறந்து பார்த்தோம்' என்று எழுதியிருக்கிறார்.

அன்புடன்,
ஓர் உடற்கூறியல் ஆசிரியர்